அம்மாவின் காலண்டர் தாளும் என் போனும்

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அன்றைய தாளின் ஓரத்தில் அம்மா பால் கணக்கு எழுதுவார். மறுநாள் காலையில் தாளைக் கிழித்து, சமையலறையில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்பார். ஒன்றரை வருடமாகப் பால் கணக்கோடு இன்னொரு எண்ணும் அதில் சேர்ந்திருக்கிறது. சுகர் எண்.

அம்மாவுக்கு 68 வயது. சுகர் வந்து 14 வருடம் ஆகிறது, பிரஷர் அதற்கு அப்புறம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரசைவாக்கத்தில் ஒரு டாக்டரிடம் ரிவ்யூவுக்குப் போகிறோம். காலையில் பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, மாலை 6 மணிக்கு மேல் சொந்த கிளினிக்கில் உட்காருகிறவர். சென்னையில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு டாக்டர் இருப்பார். வெளியே முப்பது நாற்பது பேர் காத்திருப்பார்கள். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்துவர நாலு நிமிடம் ஆகும். டாக்டர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, அக்கறையானவர். நேரம்தான் அவ்வளவு. 67 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017ல் பிஎம்ஜே ஓபன் இதழில் வந்தது. ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியிடம் செலவிடும் நேரம் பங்களாதேஷில் 48 விநாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். நம் நாட்டுக்கு அதில் போட்டிருந்தது சுமார் 2 நிமிடம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்த நாலு நிமிடமே அதிகம்.

அந்த நாலு நிமிடத்தை நாங்கள் எப்படிச் செலவழித்தோம் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

இரண்டு நாள் முன்னால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றவர்தான் இப்படிச் சொல்வார். டாக்டரிடம் குறை சொல்லக் கூடாது என்று ஒரு மரியாதை. நானோ ஆபீசிலிருந்து நேராக வந்திருப்பேன், எனக்கே பல விஷயம் தெரியாது. டாக்டர் லேப் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.1. "நல்ல கன்ட்ரோல், அப்படியே தொடருங்க" என்பார். துணிக்கடைப் பையில் அடைத்துக் கொண்டுபோன பழைய ஃபைல்களைத் திறக்காமலேயே வெளியே வந்துவிடுவோம். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சொல்வார், "அந்தத் தலைசுத்தலைக் கேட்டிருக்கலாம்டி." இப்படியே மூன்று ரிவ்யூ போனது.

நாலாவது முறைக்கு முன்னால்தான் போனில் செயலிகளைத் தேடினேன். முதலில் செய்ததெல்லாம் தப்பு. ஒரே ராத்திரியில் நாலு செயலி இறக்கினேன். ஒன்று சுகருக்கு, ஒன்று பிரஷருக்கு, ஒன்று மாத்திரை நேரத்துக்கு, ஒன்று நடைக்கு. எல்லாவற்றையும் அம்மாவின் போனிலேயே போட்டுக் கொடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். அம்மா தமிழ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர், ஆனால் அந்தத் திரையைப் பார்த்தால் தயங்குவார். மாத்திரை அலாரம் நேரம் கெட்ட நேரத்தில் அடித்து, அவர் அதை அணைக்கத் தெரியாமல் போனையே அணைத்து வைத்தார். பத்து நாளில் எல்லாம் நின்றுபோனது.

அப்புறம் ஒரு நாள் காலண்டரில் பார்த்தேன். பால் ஒன்றரை லிட்டர் என்று எழுதிய இடத்துக்குக் கீழே, சின்னதாக, "காலை 128". செயலியை விட்டுவிட்டார், ஆனால் அளப்பதை விடவில்லை. தனக்குப் பழகிய இடத்தில் எழுதியிருக்கிறார். அன்று முதல் ஏற்பாட்டை மாற்றினேன். அம்மா தாளில் எழுதுவார். ராத்திரி சாப்பிட்டபின் நான் என் போனில், ஒரே ஒரு செயலியில், அதை ஏற்றுவேன். நான் ஊரில் இல்லாத நாளில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். வயதானவர்களுக்கு இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: அவர்கள் ஏற்கெனவே எங்கே எழுதுகிறார்களோ, எப்படிச் சொல்கிறார்களோ அதைக் கெடுக்காதீர்கள். போன் வேலையை வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். எண்ணை மட்டும் எழுதாதே, மணியும் எழுது. உடம்புக்கு ஏதாவது செய்தால் அப்போதும் ஒரு தடவை அளந்து, என்ன செய்தது என்று ஒரு வார்த்தை எழுது. அம்மா தலையாட்டினார்.

ஐந்து வாரம் கழித்து செயலியின் வரைபடத்தைப் பார்த்தால், சீராகப் போகும் கோட்டுக்குக் கீழே நாலு புள்ளிகள் தனியாகக் கிடந்தன. 61, 58, 66, 63. எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. முதலில் மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன், பட்டைகள் காலாவதி ஆகிவிட்டனவா என்றுகூடப் பார்த்தேன். செயலி புள்ளியைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை. கம்பியிலிருந்து அந்த நாலு நாள் தாளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். அம்மாவின் கையெழுத்தில்: "10.40, 61, பித்தம்." அடுத்ததிலும் பித்தம். நாலிலும் பித்தம். கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் அம்மாவின் அகராதியில் அது பித்தம். எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடிப்பார், சரியாகிவிடும். சர்க்கரை உள்ளே போனதால் சரியானது என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம் தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளி. வெள்ளி. கிருத்திகை. வெள்ளி.

விரத நாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய் வந்துதான் சாப்பிடுவார், பதினொன்று ஆகிவிடும். ஆனால் சுகர் மாத்திரையை வழக்கம்போல் 7 மணிக்குக் காபியோடு போட்டுவிடுவார். மாத்திரை தவறக் கூடாது என்று நான்தான் அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவர் போடும் கிளிமிபிரைடு, உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும் வகை. சாப்பாடு உள்ளே போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். எச்பிஏ1சி ஏன் இதைக் காட்டவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. அது சராசரி. சில நாள் ஏறியதும் சில நாள் இறங்கியதும் ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு 7.1 என்று அழகாக நிற்கும்.

ரிவ்யூவுக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பக்கம் தயார் செய்தேன். செயலியிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்தால் பதினோரு பக்கம் வந்தது. அதைக் கொண்டுபோயிருந்தால் எந்த டாக்டரும் புரட்டியிருக்க மாட்டார். ஒரே தாளில் மேலே மூன்று வரி: விரத நாட்களில் காலை பத்தரை மணி வாக்கில் சுகர் 70க்குக் கீழ், ஐந்து வாரத்தில் நாலு முறை, அப்போது நடுக்கம், வியர்வை, மாத்திரை 7 மணிக்கு, சாப்பாடு 11 மணிக்கு. அதன் கீழே காலை வெறும் வயிற்று சராசரி, பிரஷர் சராசரி. கடைசியில் இப்போது போடும் மாத்திரைகள், அளவோடு. போன் திரையை டாக்டர் முன் நீட்டுவதைவிட அச்செடுத்த தாள் நல்லது. அவர் அதில் பேனாவால் வட்டம் போடலாம், ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் படித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"அது பித்தம்தானே டாக்டர்."

அன்று நாலு நிமிடம் ஏழு நிமிடமானது. மாத்திரை 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆகக் குறைந்தது. விரத நாளில் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று தனியாக எழுதிக் கொடுத்தார். விரதத்தை விடச் சொல்லவில்லை, அதில் அம்மாவுக்கு நிம்மதி. அடுத்த எச்பிஏ1சி 7.3 வந்தது. கூடிவிட்டதே என்று நான் பதறினேன். இந்த வயதில் சற்றுக் கூடுதலாக இருப்பது பரவாயில்லை, மயங்கி விழுவதுதான் ஆபத்து என்றார். இது அம்மாவுக்கு அவர் எடுத்த முடிவு. யாரும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் மாத்திரையில் கை வைக்க வேண்டாம். எண்ணைச் சேகரிப்பது நம் வேலை, அளவை மாற்றுவது அவர் வேலை.

வீட்டில் இப்போது ஒரு டப்பாவில் குளுக்கோஸ் இருக்கிறது. 70க்குக் கீழே போனால் மூன்று நாலு டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல் இவற்றுக்கும் அதுவேதான். அந்த நேரத்தில் எந்தச் செயலியையும் திறந்துகொண்டு உட்காராதீர்கள்.

மாத்திரைப் பட்டியல் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன், அதைத் தயார் செய்ததே ஒரு கதை. ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பி வைத்துப் போனில் படம் எடுத்தேன். முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் படித்தால், வேறு வேறு பெயர் போட்ட இரண்டு அட்டைகளில் ஒரே டெல்மிசார்டன், பிரஷரைக் குறைக்கும் மருந்து. இடையில் காய்ச்சலுக்கு ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் படுத்திருந்தபோது எழுதிக் கொடுத்தது ஒன்று, பழையது இன்னொன்று. இரண்டு மாதமாக இரண்டையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தலைசுற்றலில் இதற்கும் பங்கு உண்டு என்றார் டாக்டர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு டாக்டரைப் பார்க்கிறார்கள் என்றால், இன்று ராத்திரியே அட்டைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள்.

பிரஷரில் நான் கற்றுக்கொண்டது வேறு. கிளினிக்கில் அளந்தால் 158, வீட்டில் 132. எதை நம்புவது? டாக்டரைப் பார்த்ததும் சிலருக்கு பிரஷர் ஏறும், அது தெரிந்த விஷயம்தான். ஆனால் வீட்டில் அளப்பது ஒழுங்காக இருந்தால்தான் அதை அவரிடம் சொல்ல முடியும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை காபி கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பட்டியைச் சேலைக்கோ சட்டைக்கோ மேல் சுற்றக் கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது. அம்மாவுக்கு இது ஒன்றுதான் கஷ்டம். பட்டி கையை இறுக்கும்போதுதான் பக்கத்து வீட்டு விஷயம் எல்லாம் ஞாபகம் வரும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுகிறோம். ரிவ்யூவுக்கு முந்தைய ஏழு நாள், காலையும் மாலையும். பொதுவாக கிளினிக்கில் 140க்கு 90 என்பது எல்லை என்றால், வீட்டில் 135க்கு 85. எல்லை வேறு என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ஓசூரிலிருந்து தம்பி ஒரு செயலியின் லிங்க் அனுப்பினான். "அக்கா, மெஷினே வேண்டாம், விரலை கேமரா மேல வெச்சா பிரஷர் காட்டுதாம்." அதை நம்பாதீர்கள். அந்த மாதிரி ஒரு செயலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2016ல் வெளியிட்டார்கள். உண்மையில் பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் அது 'அதிகம் இல்லை' என்று காட்டியிருந்தது. கையில் பட்டி சுற்றும் மெஷினை வாங்குங்கள், போனை எழுதி வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைக்கும் செயலிகளிலும் சில, போனில் இருக்கும் தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கின்றன. சுகர் எழுதி வைக்க அது எதற்கு? மறுத்துவிடுங்கள். மறுத்தால் வேலை செய்யாது என்றால் அந்தச் செயலியே வேண்டாம்.

காத்திருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுகர்காரர்களுக்கு அது வெறும் சலிப்பு இல்லை. முன்பெல்லாம் 4 மணியிலிருந்து கிளினிக் நம்பரை அடித்துக்கொண்டே இருந்து டோக்கன் வாங்குவேன். 7 மணி என்று சொல்லி 9 மணிக்குக் கூப்பிடுவார்கள். அம்மா ராத்திரிச் சாப்பாடு இல்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்போது கிளினிக்கே செயலியில் டோக்கன் தருகிறது, எந்த எண் உள்ளே இருக்கிறது என்றும் காட்டுகிறது. அதில் போடும் நேரத்தை நான் நம்புவதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறேன். டாக்டர் வந்துவிட்டாரா என்று வரவேற்பில் இருக்கும் சிஸ்டரிடம் ஒரு போன், எங்கள் எண்ணுக்கு எட்டு எண் முன்னால் இருக்கும்போது வீட்டிலிருந்து கிளம்புவது. அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

மாமா அரசு மருத்துவமனைக்குப் போகிறவர். அங்கே ஓபி சீட்டு வாங்கவே காலை 7 மணிக்கு வரிசையில் நிற்பார். அவருக்கு ஆபா எண் எடுத்துக் கொடுத்தேன், மத்திய அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண் அது, 14 இலக்கம், ஆதார் இருந்தால் பத்து நிமிட வேலை. கவுண்டர் அருகே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் தானாகப் போய் டோக்கன் எண் போனுக்கு வந்துவிடும். 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு இது. எல்லா இடத்திலும் இந்த வசதி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், முதல் தடவை போகும்போது விசாரித்து வையுங்கள். மாமாவுக்கு அதில் ஒரு பயம் இருந்தது: "என் வியாதியெல்லாம் எல்லாரும் பார்த்துடுவாங்களாப்பா?" என்று என் கணவரிடம் கேட்டார். ரிப்போர்ட் எந்த மருத்துவமனையில் எடுத்ததோ அங்கேயே இருக்கும், இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும், நீங்கள் சரி என்றால்தான் திறக்கும் என்று எடுத்துச் சொன்னோம். அதற்கு அப்புறம்தான் ஸ்கேன் செய்தார்.

டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் நான் செய்யும் ஒரு காரியம் உண்டு. டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று 2003ல் வந்த ஒரு கட்டுரையில் படித்திருந்தேன். அதனால் உள்ளே இருக்கும்போதே, "டாக்டர், நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க" என்று ஒருமுறை திருப்பிச் சொல்வேன். அரை நிமிடம்தான் ஆகும். ஒருமுறை நான் சொன்னதில் அவர் திருத்தம் சொன்னார்: இரண்டு வேளை என்று நான் நினைத்தது ஒரு வேளைதான். வெளியே வந்து, மருந்துக் கடைக்குப் போகும் முன்பே, அதை அம்மாவின் போனில் என் குரலில் பதிவு செய்துவிடுவேன். அம்மா அதை ராத்திரி ஒருமுறை கேட்பார், தம்பிக்கும் அனுப்புவார்.

நடுவில் லேப் ரிப்போர்ட் மட்டும் காட்ட வேண்டிய நாட்களில் வீடியோவில் பேசிக்கொள்கிறோம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைக்குப் பிறகு இது முறைப்படி வந்த வசதி. அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமாகவே டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டியதை வீடியோவில் முடிக்க முடியாது.

வருகிற வியாழக்கிழமை அடுத்த ரிவ்யூ. வீடியோவிலேயே முடித்துவிடலாமா என்று நேற்று யோசித்துக்கொண்டே ராத்திரி தாளை எடுத்தேன். காலை 119, பால் ஒன்றரை. அதன் கீழே, யாரும் கேட்காமல், மணி போட்டு அம்மா எழுதியிருந்தார்: "மாலை 5.15. மார்க்கெட்டில் செருப்பு கழன்றது. நாலு கடை தாண்டித்தான் தெரிந்தது. டாக்டரிடம் கேள்."

அம்மா படுக்கப் போகும் முன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. பஞ்சால் தொட்டால் இடது பெருவிரலில் தெரியவில்லை என்றார். வீடியோ யோசனையை விட்டேன். வியாழக்கிழமைக்கு நேரில் வர டோக்கன் போட்டாயிற்று, 11ஆம் எண். இந்த முறை தாளின் முதல் வரியில் சுகர் இல்லை, செருப்புதான் இருக்கிறது.